அண்டார்டிகா செல்லும் தம்பிக்குத் திரையில் ஒரு காடு

கேள்வி: என் தம்பி அண்டார்டிகாவிலுள்ள பாரதி ஆய்வு நிலையத்தின் குளிர்காலக் குழுவில் மின்பணியாளராகச் செல்கிறான். எலுமிச்சைத் தோட்டத்தில் வளர்ந்தவன், பச்சையே இல்லாத இடத்தில் மனம் சோர்ந்துவிடுவானோ என்று அஞ்சுகிறேன். காட்டையும் அருவியையும் காட்டும், கண்களை மூடி அணியும் விஆர் (மெய்நிகர்) கருவி வாங்கிக் கொடுத்தால் பயன்படுமா?
– ஒரு வாசகி, புளியங்குடி

பதில்: பயன்படும், ஆனால் விஆர் கருவிதான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் சலிப்பூட்டப்பட்ட 96 பேரில் சிலருக்குத் தொலைக்காட்சியிலும் மற்றவர்களுக்கு விஆர் கருவியிலும் பவளப்பாறைக் காட்சிகளைக் காட்டியபோது, எல்லோருக்குமே சலிப்பு குறைந்தது. கருவி சிலருக்குத் தலைசுற்றலைத் தரும் என்பதால், வாங்குவதானால் தம்பி அணிந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

உங்கள் கவலைக்கு நெருக்கமான சான்று ஒரு சிறையிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள ஸ்னேக் ரிவர் சிறையில், நாளின் பெரும்பகுதியைத் தனியறையில் கழிக்கும் கைதிகளில் ஒரு பகுதியினருக்கு 2013 முதல் காடு, கடல், மலைக் காட்சிகள் காட்டப்பட்டன. வன ஆய்வாளர் நளினி நட்கர்னியும் அவருடைய குழுவினரும் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றைப் பார்த்தவர்களிடம் வன்முறை தொடர்பான விதிமீறல்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் குறைவாக இருந்தன.

இருப்பினும் திரை சாளரமாகிவிடாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சற்றே பதற்றமடைந்தவர்களின் இதயத் துடிப்பு, மரங்கள் தெரியும் நிஜச் சாளரத்தருகே விரைவாகத் தணிந்தது. அதே காட்சியை நேரலையில் காட்டிய பெரிய திரை வெற்றுச் சுவரைவிட மேலானதாக இருக்கவில்லை. ஆகவே வேலைக்கிடையே திரை பின்னால் ஓடிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாளில் ஓர் அரைமணி நேரத்தை அதற்கென்றே ஒதுக்குவது நல்லது. மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாரதியில் சூரியன் உதிப்பதில்லை. அந்த நாள்களிலும் நண்பகலில் சற்று நேரம் வானம் வெளுக்கும். காற்று அனுமதிக்கும்போது குழுவினருடன் வெளியே சென்று அதைப் பார்க்கும் வழக்கத்தைத் திரைக்காக அவர் விட்டுவிடக் கூடாது.

செயற்கைக்கோள் இணைப்பை நம்பாமல், வர்ணனையும் பின்னணி இசையும் இல்லாத நீண்ட காட்சிகளை ஹார்டு டிஸ்கில் பதிவேற்றிக் கொடுங்கள். பலரும் ஒலியை மறந்துவிடுகிறார்கள். உங்கள் தோட்டத்தின் விடியற்காலைப் பறவையொலி, வாய்க்கால் நீரின் ஓசை, ஓட்டின்மேல் விழும் மழை ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். ஊறுகாய்ப் பாட்டிலைவிட இது நெடுநாள் வரும். ஆனால் வீட்டுக் காட்சிகள் சிலருக்கு ஆறுதலையும் சிலருக்கு ஏக்கத்தையும் தரக்கூடியவை என்பதால் அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து, எப்போது திறப்பது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "பார்த்தாயா?" என்று கேட்கவும் வேண்டாம்.

வாரக்கணக்கில் உறக்கம் கெட்டாலோ, சேர்ந்து உண்பதையே அவர் தவிர்க்கத் தொடங்கினாலோ, எந்தக் காட்சியும் அதற்கு மருந்தாகாது. குளிர்காலக் குழுவில் மருத்துவர் உண்டு. அவரிடம் தயங்காமல் பேச வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே தம்பியிடம் சொல்லிவையுங்கள்.