பதில்: ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியில் டாக்கிங் தப்பாக வருகிறது

டாக்கிங்கில் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணிப்பது) உங்கள் மூலக்கூறு துத்தநாக அயனி இருக்க வேண்டிய குழிக்குள் போகாமல் புரதத்தின் வால் பகுதியில் ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சிக்கல் வினா (Vina) என்ற டாக்கிங் மென்பொருளில் இல்லை, அதற்குக் கொடுத்த கோப்பில்.

புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் 2, அமினோ அமிலச் சங்கிலியை மட்டும்தான் கணிக்கும். துத்தநாகம், ஹீம், நீர் எதுவும் அந்தக் கோப்பில் இராது. உங்கள் குழி காலியாகத்தான் இருக்கிறது. ஆல்ஃபாஃபில் தளத்தில் அதே புரதத்தைத் தேடுங்கள். ஒத்த புரதங்களின் படிக அமைப்புகளிலிருந்து (சோதனையில் கண்டறிந்த வடிவங்கள்) அயனியை எடுத்து வைத்திருப்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால் பி.டி.பி. என்ற புரத வடிவத் தரவுத்தளத்திலிருந்து நெருங்கிய உறவுப் புரதத்தை எடுத்து, மேலே பொருத்தி, அயனியை நீங்களே நகலெடுக்கலாம்.

அடுத்தது அந்த வால். ஆல்ஃபாஃபோல்ட் கோப்பின் பி-ஃபேக்டர் பத்தியில் இருப்பது கணிப்பின் நம்பக மதிப்பெண் (0 முதல் 100 வரை). படிக அமைப்பில் அங்கே இருப்பது அணுக்களின் அசைவின் அளவு, எண் குறைந்தால் நல்லது; இங்கே கூடினால்தான் நல்லது (பலரும் சறுக்கும் இடம்). 50-க்குக் கீழே இருக்கும் முனைகளை வெட்டிவிடுங்கள். அவை பெரும்பாலும் நிலையான வடிவமே இல்லாத பகுதிகள், படத்தில் நூடுல்ஸ் மாதிரி தொங்கும். குழியைச் சுற்றி 70-க்குக் கீழே இருந்தால் அந்த மாதிரியை டாக்கிங்குக்கு எடுக்காதீர்கள்.

வினாவின் வழக்கமான மதிப்பீட்டு முறை துத்தநாகத்தைச் சரியாகக் கையாளாது. பதிப்பு 1.2-இல் ஆட்டோடாக்4 துத்தநாக அளவுருக்கள் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள். தேடல் பெட்டியை அயனியை மையமாக வைத்து 20 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளவுக்குச் சுருக்குங்கள்.

புது மூலக்கூறுக்கு முன், படிக அமைப்பில் ஏற்கெனவே உள்ள மூலக்கூறை மறுபடி டாக் செய்து பாருங்கள். படிகத்தில் அது இருந்த இடத்திலிருந்து விலகல் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வராவிட்டால் மேற்கொண்டு ஓட்டுவது வீண்.