எந்த நார்வே?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நீங்கள் எழுதிய பயணக் கட்டுரையில், "நார்வேக்குப் போனேன் என்று யாராவது சொன்னால், எந்த நார்வேக்கு என்று கேட்கத் தோன்றுகிறது" என்று ஒரு வரி வருகிறது. போன ஜூனில் மனைவியோடு பேக்கேஜ் டூரில் ஆஸ்லோ, ஃப்ளாம், பெர்கன் மூன்றும் பார்த்து வந்தவன் நான். எங்கும் ஒரே மாதிரி மலை, தண்ணீர், சிவப்பு மரவீடு, அதிகம் பேசாத ஜனங்கள். மொத்த நாட்டின் மக்கள்தொகையே சென்னையைவிடக் குறைவு. இதற்குள் வட்டாரம், வட்டாரப் பண்பாடு என்று பேசுவது எழுத்தாளர்கள் வழக்கமாகச் செய்யும் மிகைதானே? உடையிலும் சமையலிலும் சில்லறை வித்தியாசம் இருக்கலாம். அதற்கு மேல் என்ன? அப்புறம், அடுத்த முறை போனால் எங்கே போகலாம் என்றும் சொல்லுங்கள்.

ச.மு., ஈரோடு

அன்புள்ள ச.மு.,

ஆஸ்லோவிலிருந்து பெர்கன் பக்கம் ரயிலில்தானே போயிருப்பீர்கள்? உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தப் பாதையிலேயே இருக்கிறது. வழியில் ஃபின்ஸெ என்று ஒரு நிலையம் வந்திருக்கும். 1,222 மீட்டர் உயரம். ஜூனிலும் பனி கிடக்கும், கார் போக ரோடு கிடையாது. அந்த ரயில் வந்ததே 1909இல்தான். அதற்கு முன் கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டுமென்றால் அந்த மலையை எப்படியாவது ஏறி இறங்க வேண்டும், இல்லையென்றால் நாட்டின் தென்முனையைச் சுற்றிக் கப்பலில் வர வேண்டும். எப்படியும் கப்பல்தான் என்றான பிறகு, பெர்கன் வியாபாரிக்கு ஆஸ்லோவைவிட ஜெர்மனியின் ல்யூபெக் நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. 1830கள் வரை நாட்டிலேயே பெரிய ஊரும் பெர்கன்தான். "நான் நார்வேக்காரன் இல்லை, பெர்கன்காரன்" என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது வேடிக்கைக்குத்தான். ஆனால் சொல்லும்போது முகத்தில் ஒரு மிதப்பு தெரியும்.

அதே மலைதான் மழையையும் பங்கு போடுகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே கொட்டித் தீர்த்துவிடும். பெர்கனில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் குட்ப்ரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் ஷோக் என்று ஒரு ஊர் இருக்கிறது (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்). அங்கே 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நார்வேயில் விவசாயி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பான் என்று யாராவது சொன்னால் நம்புவோமா? மலை மேலிருந்து வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டியும் மரத்தைக் குடைந்து தூம்பாக வைத்தும் வயலுக்குக் கொண்டுவருவது அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். பெர்கன்காரன் குடையில்லாமல் கடைக்குப் போக மாட்டான், ஷோக்காரன் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டுவான். இரண்டு பேரும் ஒரே நாடு.

வடக்கின் கதை வேறு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை காட் மீன் பாரண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட லொஃபோட்டன் தீவுகளுக்கு வரும். தலையை வெட்டி, குடலை எடுத்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பரண்களில் தொங்கவிடுவார்கள். நம் கருவாடுபோல உப்பு சேர்ப்பதில்லை. குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்பதால் மீன் அழுகவும் செய்யாது, முழுக்க உறைந்தும் போகாது. காற்றே அதை விறகுபோல ஆக்கிவிடும். வெட்டிய தலைகளும் வீணாவதில்லை, காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன்னால் நாக்கை எடுக்க வேண்டும். அந்த வேலை பரம்பரையாகச் சிறுவர்களுடையது. நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பியில் மீன்தலையைக் குத்தி, ஒரே இழுப்பில் கத்தியை வீசி நாக்கை எடுத்து வாளியில் போடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள். காசு அவர்களுக்கே. பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள்.

அந்த மீனை விற்றது யார் என்று பாருங்கள். 14ஆம் நூற்றாண்டிலிருந்தே பெர்கனில் ஹன்ஸா என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்கள் கிடங்கு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் போட்டோ எடுத்திருப்பீர்களே, துறைமுகத்தை ஒட்டிய சாய்ந்த மரக்கட்டடங்கள், அவர்கள் இருந்த இடம்தான். 1702 தீக்குப் பிறகு திரும்பக் கட்டியவை. வடக்கே தானியம் சரியாக விளையாது. மீனவன் படகில் மீனோடு பெர்கன் வந்து, மாவைக் கடனுக்கு வாங்கிப் போவான். அடுத்த வருட மீன் பிடிபடும் முன்பே அடமானம். "தெற்கே இருப்பவன் விலை வைப்பான்" என்ற கசப்பு இப்படி ஊறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று 1994இல் வாக்கெடுத்தபோது நாடு மொத்தமாக 52 சதவீதம் வேண்டாம் என்றது, ஆஸ்லோ வேண்டும் என்றது. வடக்கின் மூன்று மாவட்டங்களிலும் வேண்டாம் என்றவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். தங்கள் கடலில் வெளிநாட்டுப் படகுகள் வலை போடும் என்ற பயம் அதில் பெரிய பங்கு. இதை உடை, சமையல் கணக்கில் சேர்க்க முடியாது.

ஃபின்மார்க் இன்னும் வடக்கே. டென்மார்க்கைவிடப் பெரிய மாவட்டம், ஜனம் சுமார் 75,000. பொர்ஸாங்கர் பகுதியில் ஊர்ப்பலகையில் நார்வேஜிய மொழி, வடக்கின் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழி, ஃபின்லாந்து வழிவந்த குவென் மக்களின் மொழி என்று மூன்று பெயர்கள் இருக்கும். சாமி மக்களின் நாடாளுமன்றம் காராஷோக்கில் 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பல தலைமுறைகளாகச் சாமிப் பிள்ளைகள் பள்ளியில் தங்கள் மொழியைப் பேச முடியாதபடி அரசு பார்த்துக்கொண்டது. இடையே 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை மாவட்டத்தின் பெரும்பகுதியைக் கொளுத்திவிட்டுப் போனது. ஹொனிங்ஸ்வோகில் மிஞ்சிய கட்டடம் தேவாலயம் ஒன்றே. அங்கெல்லாம் பழைய வீடு தேடினால் கிடைக்காது.

2020இல் அரசு 18 மாவட்டங்களை 11 ஆக்கியபோது ஃபின்மார்க்கைப் பக்கத்து டிரொம்ஸ் மாவட்டத்தோடு ஒட்டியது. முன்பே 2018இல் ஃபின்மார்க் தானாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி 87 சதவீதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஆஸ்லோ கேட்கவில்லை. ஆட்சி மாறியது, 2024 ஜனவரி 1 அன்று இரண்டும் திரும்பப் பிரிந்தன. வட்டாரம் என்பது எழுத்தாளர் மிகை என்றால், இவ்வளவு செலவு செய்து சேர்த்ததை நான்கே வருடத்தில் எதற்குப் பிரித்தார்கள்? நியாயமாகச் சொன்னால் எல்லா இணைப்பும் கசக்கவில்லை. நடு நார்வேயில் ட்ரொண்டலாகின் இரண்டு பாதிகளும் 2018இல் தாங்களே விரும்பிச் சேர்ந்தன, இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

நமக்கும் ஃபின்மார்க்கோடு ஒரு தொடர்பு உண்டு. 1980களில் இலங்கையிலிருந்து போன தமிழர்கள் பலர் முதலில் வேலை பார்த்தது அங்கே மீன் தொழிற்சாலைகளில். பெரும்பாலோர் பின்னர் ஆஸ்லோ பக்கம் இறங்கிவிட்டார்கள்.

தெற்குக் கரையைப் பற்றித் தொடங்கினால் இது கட்டுரையாகிவிடும். நீங்கள் சொன்ன சிவப்பு வீடு அங்கே அபூர்வம், ஊர் முழுக்க வெள்ளை என்பதோடு நிறுத்துகிறேன்.

சரி, அடுத்த பயணம். ஃப்யோர்டு (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வரும் கடல்) பார்த்தது போதும். மார்ச்சில் போங்கள், ஜூனில் வேண்டாம். பரணில் மீன் நிறைந்திருப்பது அப்போதுதான். டிரொண்ட்ஹைமிலிருந்து போடோ வரை ரயில், அங்கிருந்து கப்பலில் லொஃபோட்டன். ஊர் முழுக்க மீன் வாடை அடிக்கும் என்று மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நாள் மிஞ்சினால் ஃபின்மார்க் போகலாம், ஆனால் பஸ், கப்பல் அல்லது விமானம்தான். அந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது.