மன்னார்குடி மஸ்டாங்குக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். 2018இல் ஆசைப்பட்டு ஃபோர்டு மஸ்டாங் வாங்கினேன். டிஎன் 50 பதிவு, ஒரே ஓனர், 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மூன்று வருடமாகப் பெரும்பாலும் ஆலைக் கொட்டகையில்தான் நிற்கிறது. புரோக்கர் 34 லட்சம் ‘நெட்’ என்கிறார். இன்சூரன்ஸ் பாலிசியில் 31 லட்சம் போட்டிருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து நான் பார்த்துவரும் ஐந்து மஸ்டாங் விளம்பரங்கள், விலை லட்சத்தில்: 44 (இது பிஒய் 02 பதிவு வண்டி, இன்னும் விற்கவில்லை), 48 (பத்து நாளில் போய்விட்டது), 49 (47.5க்கு இறக்கியதும் போய்விட்டது), 55, 58 (இரண்டும் இன்னும் இருக்கின்றன). நியாயமான விலை எது?

பதில்: 34 இல்லை. 58உம் இல்லை. 47 சொல்லுங்கள், 44க்குக் கீழே இறங்காதீர்கள்.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் பாலிசியை எடுத்து பீரோவில் வையுங்கள். அதில் இருப்பது, வண்டி திருடு போனாலோ முழுசாக நாசமானாலோ கம்பெனி தரும் தொகைக்கான கணக்கு. ஐந்து வருடம் வரை அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு, நான்கிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் கழிப்பார்கள். அதற்கப்புறம் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வதுதான். பிரீமியம் குறையட்டும் என்று நீங்களே குறைத்துப் போட்டிருப்பீர்கள். அந்தத் தாளைக் காட்டி யாராவது விலை பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஸ்விஃப்ட் என்றால் தஞ்சாவூரிலேயே நூறு வண்டி விற்றிருக்கும், விலை ஊருக்கே தெரியும். மஸ்டாங் அப்படியில்லை. இங்கே அதிகாரபூர்வமாக வந்தது 2016இல்தான், அதுவும் இறக்குமதி. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாகவே அறிவித்துவிட்டது. அதனால் விளம்பரம்தான் வழி. ஆனால் விளம்பர விலை என்பது விற்பவரின் ஆசை. இரண்டு மாதமாக அசையாமல் நிற்கும் 55உம் 58உம் சொல்வது ஒன்றுதான், அந்த விலைக்கு ஆள் இல்லை. போய்விட்ட இரண்டும்தான் உங்களுக்கு அளவுகோல். 48, 47.5. நேரில் உட்கார்ந்தால் ஒன்றரை லட்சமாவது பேரத்தில் போயிருக்கும். ஆக, 46.

சரி, அந்த 44 லட்சம் பிஒய் 02 வண்டியை ஏன் விட்டேன்? இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இதில் மாட்டாத ஆள் குறைவு. பிஒய் 02 என்றால் காரைக்கால். வரி குறைவு என்று அங்கே ஒரு முகவரி பிடித்துப் பதிந்துவிட்டு, வண்டியை திருவாரூரிலும் கும்பகோணத்திலும் ஓட்டுவார்கள். சட்டப்படி வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து தடையில்லாச் சான்று, அப்புறம் இங்கே ஆயுள் வரி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்குத் தமிழ்நாட்டில் இப்போது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் லட்சக்கணக்கில்தான் வரும். அதை வாங்குகிறவர் தலையில் கட்டத்தான் அந்த 44. உங்கள் வண்டிக்கு வரி கட்டியாகிவிட்டது. “காரைக்கால் வண்டியே 44க்குக் கிடைக்கிறதே சார்” என்று எவனாவது வருவான். வரியைச் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பேச்சு நின்றுவிடும்.

அடுத்து, உங்கள் வண்டிக்கான கழிவு. ஓடாத வண்டி நல்ல வண்டி என்று நினைப்பீர்கள். மூன்று வருடம் நின்ற வண்டியைக் கண்டு விஷயம் தெரிந்தவர் பயப்படுவார். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகள் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1118 என்றிருந்தால் 2018இன் 11ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் கிழடாகிவிட்டது என்று அர்த்தம். நான்கும் மாற்ற லட்சத்தைத் தாண்டும். பேட்டரி, ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் என்று வையுங்கள். 46இல் இரண்டு போனால் 44. அதுதான் உங்கள் அடிமட்டம்.

வாங்க வருகிறவர் மன்னார்குடிக்காரராக இருக்க மாட்டார். சென்னை, கோவை, கொச்சியிலிருந்து வருவார், வண்டியை லிஃப்ட்டில் தூக்கித்தான் பார்ப்பார். தாழ்ந்த வண்டி, நம் ஊர் வேகத்தடை, அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே காயும் நெல். அடியில் உரசல் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைலன்சர் பக்கம் வைக்கோல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த ‘நெட்’. உங்கள் கைக்கு 34, மேலே வருவது எனக்கு என்பதுதான் அதன் பொருள். 45க்கு விற்றால் 11 லட்சம் அவருக்கு. பேசிய சதவீதக் கமிஷன் கொடுங்கள், தப்பில்லை. ‘ஜிஎஸ்டி 18 சதவீதம் கழியும்’ என்றும் ஆரம்பிப்பார். சொந்த உபயோகக் காரைத் தனிநபர் விற்றால் ஜிஎஸ்டி கிடையாது. பழைய கார் வியாபாரிக்குத்தான் அது, அதுவும் அவருடைய லாபத்தின் மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30இல் வெற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பழைய காரை ஒரு புரோக்கரிடம் அப்படித் தள்ளிவிட்டு மறந்தும் போனேன். மூன்று வருடம் கழித்து, நான் எட்டிக்கூடப் பார்க்காத ஊரிலிருந்து விபத்து இழப்பீட்டு வழக்கில் சம்மன் வந்தது. வண்டி நான்கு கை மாறியிருந்தது, ஆர்சி புத்தகத்தில் என் பெயர்தான். அந்த ஊர் நீதிமன்றத் திண்ணையில் எத்தனை நாள் உட்கார்ந்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வியாபாரியிடம்தான் விடுவீர்கள் என்றால், அவரிடம் பழைய வண்டி வியாபாரத்துக்கான அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து விதி அது. இருந்தால் ஃபாரம் 29சி வழியாக ஒப்படைப்பைப் பதியலாம், அதிலிருந்து பொறுப்பு அவருடையது. எத்தனை பேரிடம் அந்தச் சான்று இருக்கிறது என்று கேட்காதீர்கள். விதி போட்டவர்கள் அதோடு வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். நேரடியாக விற்றால், மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். எல்லாம் ஆன்லைன் என்பார்கள், கடைசியில் ஃபைலோடு வரிசையில் நிற்கத்தான் வேண்டும். நில்லுங்கள்.

விளம்பரம் போடுவதற்கு முன் ஒரு வேலை. ஆலைக் கொட்டகை என்கிறீர்கள், பக்கத்தில் நெல் மூட்டை இருக்கும், மூட்டை இருந்தால் எலி இருக்கும். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து ஒயரிங்கைப் பாருங்கள். கடித்திருந்தால் சரி செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை இன்றைக்கே வேறு பக்கம் மாற்றிவிடுங்கள்.