காதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு: டீச்சரின் பதில்கள்

கேள்வி (சுங்கை சிப்புட்): டீச்சர், என் நாயகி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், கோலாலம்பூரில் பொறியாளர். வேலை, காதல், குடும்பம் மூன்றும் கதையில் ஒட்டவே இல்லை.

பதில்: சம்பள நாளில் தொடங்கும்மா. தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் தவணையை யார் கட்டுகிறார்கள்? அவள்தானே. அப்போது காதல் விஷயம் தெரிந்ததும் அம்மாவுக்கு எழும் முதல் பயம் சாதியா, தவணையா? அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, விடியுமுன்னே பால் மரம் வெட்டப் போனவர். மகள் ஊருக்கு வந்தால் முகத்துக்கு முன்னே செருப்பைத்தான் பார்ப்பார். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. இந்த அம்மாவை வில்லியாக்காதே. அப்புறம், அப்பாவுக்கு நெஞ்சுவலி வரவழைக்காதே.

கேள்வி (தைப்பிங்): நாவலை அச்சிட எவ்வளவு ஆகும்?

பதில்: மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்தில் கேளுங்கள்.

கேள்வி (ஈப்போ): 26 வயது நாயகி, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்யலாமா?

பதில்: 21 வயதானால் பெற்றோர் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. ஆனால் வழக்கமான முறையில் போனால் அறிவிப்பு 21 நாள் பதிவகத்தில் ஒட்டியிருக்கும். தெரிந்தவர் கண்ணில் பட்டால் போதும். அந்த 21 நாளும் உங்களுக்கு அத்தியாயங்கள்.

கேள்வி (அதே ஊர், வேறொருவர்): தாலி ஏறாமல் அது என்ன கல்யாணம்? நம்மவர்கள் பதிந்துவிட்டு ஒரு வருஷம் கழித்துக்கூடக் கோயிலில் கட்டுகிறார்களே!

பதில்: இதை நான் விடமாட்டேன். 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றே கணவன் மனைவி. நிச்சயதார்த்தம்போல நினைத்துப் பதிந்துவிட்டு, தாலிக்கு முன் மனம் முறிந்தால் நீதிமன்றம்தான். அதுவும் முதல் 2 ஆண்டுக்குள் விவாகரத்து மனுப் போட நீதிபதியின் சிறப்பு அனுமதி வேண்டும். ஊர் கண்ணில் குமரி, சட்டத்தின் கண்ணில் மனைவி. இதை நாவலில் எழுதுங்கள், பெண்பிள்ளைகள் படிக்கட்டும்.

கேள்வி (அவரே): ஆனாலும் தாலிதானே பெரிது?

பதில்: மனசுக்குப் பெரிது, சரி. அதை நான் மறுக்கவில்லை. பதிவைச் சின்னதாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

கேள்வி (கோலகங்சார்): முடிவில் சேர்த்து வைக்கவா, பிரிக்கவா?

பதில்: இன்று மூன்றாவது ஆள் இதைக் கேட்கிறீர்கள். முதலில் பாதிவரை எழுதுங்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலி மட்டும் வேண்டாம்.