ஏற்காட்டு உயரத்தால் உதடு நீலமாகுமா?

ஏற்காடு பார்ட்டியில் பாப்பர்ஸ் (போதைக்காக முகரும் நைட்ரைட் திரவம்) முகர்ந்த நண்பனின் உதடு நீலமாகிவிட்டது, மலை உயரம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சுமார் 1,500 மீட்டரெல்லாம் நல்ல உடம்பை நீலமாக்காது. இது நைட்ரைட்டின் வேலை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனேற்றி மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. மிச்சமிருக்கும் நல்ல ஹீமோகுளோபினும் தன்னிடம் உள்ளதைத் திசுக்களுக்கு லேசில் விடாது. ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், காற்றுபட்டாலும் சிவக்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள்; நிலைமை முற்றினாலும் 85 பக்கமே நிற்கும். மருந்து மெத்திலீன் புளூ, ரத்தக்குழாய் வழியாக (ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்து). முகராமல் குடித்துவிட்டால் இன்னும் மோசம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணுமே என்று தயங்காமல் 108-ஐ அழையுங்கள். அப்புறம், அந்தப் பாட்டிலையும் மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.