32 பேர் 4 பேராகக் குறைந்த வேதபாட வகுப்பு

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். சுமார் 80 குடும்பங்கள். ஞாயிறு பள்ளி நன்றாக நடக்கிறது. பெரியவர்களுக்கும் ஏதாவது வேண்டும் என்று போன ஜூன் மாதம் புதன்கிழமைதோறும் மாலை 7 மணிக்கு வேதபாட வகுப்பு ஆரம்பித்தோம். ஆயர் ஐயாவே நடத்தினார். முதல் வாரம் 32 பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் 4 பேர், அதில் நானும் ஆயர் அம்மாவும் அடக்கம். மக்களுக்கு ஆர்வம் இல்லையா, நாங்கள்தான் எங்கேயோ தவறு செய்கிறோமா? பக்கத்தில் இருக்கும் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களும் வருகிறோம் என்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா? இன்னும் ஆழமாகப் படிக்க ஆசைப்படுகிறவர்களை எங்கே அனுப்புவது?

பதில்: சகோதரி, முதல் நாள் 32 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் ஆர்வம் இல்லை என்று சொல்லவே முடியாது. 80 குடும்பத்தில் அது நல்ல கூட்டம். வந்து பார்த்துவிட்டுத்தான் நின்றிருக்கிறார்கள். அப்படியானால் வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். ஜூன் மாதம் கோத்தகிரியில் 7 மணி என்றால் மழை, மூட்டம், இருட்டு. வகுப்பு முடிந்து 8.30க்கு வீட்டுக்கு நடக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில் எந்த வளைவில் கரடி நிற்கும், எங்கே காட்டெருமை படுத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடைசிவரை வந்த 4 பேரும் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் வண்டி வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். பந்தயம் கட்டலாம், சபைக்காரர்களோடு பந்தயம் கட்டக்கூடாது என்பதால் விடுகிறேன். உங்கள் வகுப்பு தன்னை அறியாமலே வண்டி இல்லாதவர்களை வடிகட்டிவிட்டது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு குன்னூருக்குக் கீழே ஒரு சபையில் ரோமர் நிருபம் பற்றி வகுப்பு எடுக்கப் போனேன். நாலு பக்கக் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். முடித்துவிட்டு, "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றேன். ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு அக்கா மெல்லக் கையைத் தூக்கினார். "ஐயா, கடைசி பஸ் போயிருமுங்க. ஜெபம் பண்ணி முடிச்சிரலாங்களா?"

அன்றைக்கு வந்த ஒரே கேள்வி அதுதான்.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடு எப்படிப் பரவியது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றுதான். அந்தப் பிள்ளைகள் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனார்கள். உழைக்கிறவர்களுக்கு எந்த நேரம் ஒழிகிறதோ அந்த நேரத்தில் பள்ளி. நாம் பெயரை எடுத்துக்கொண்டோம், காரணத்தை விட்டுவிட்டோம். போதாக்குறைக்கு, படிப்பு என்றாலே பிள்ளைகளுக்கு, பெரியவர்களுக்குப் பிரசங்கம் போதும் என்றும் ஆக்கிவிட்டோம். இது நம் மரபே இல்லை. இந்தியாவில் தமிழில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்', 1578இல் கொல்லத்தில் அச்சானது. அது ஞானோபதேசப் புத்தகம்தான், அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்பிக்கிற புத்தகம். கத்தோலிக்கத் திருச்சபையிலும் போப் இரண்டாம் ஜான் பால் 1979இலேயே எழுதிவிட்டார்: மறைக்கல்வியில், அதாவது விசுவாசத்தைக் கற்பிப்பதில், முதன்மையானது பெரியவர்களுக்கானதுதான் என்று.

சரி, உங்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும்? ஞாயிறு ஆராதனை முடிந்ததும், டீ கொடுத்து, 40 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம் வேண்டாம், வீட்டில் சோறு வடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு போன்ற ஏற்பாடு மறந்துபோகும். தொடர்ந்து ஆறு வாரம் என்று வையுங்கள், ஆரம்பிக்கும் தேதியையும் முடியும் தேதியையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். முடிவே தெரியாத வகுப்புக்கு யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. நம் மலையில் பிப்ரவரி, மார்ச்சில் உறைபனியும் வறட்சியுமாக இலை குறைவு, சீசன் கூட்டமும் வந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஆரம்பித்தால் டிரைவர்களும் ஹோட்டல் வேலைக்காரர்களும் கடைக்காரர்களும் ஒருவர் கூட வரமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

நேரத்தை மாற்றுவது சுலபம். வகுப்பு நடக்கிற விதத்தை மாற்றுவதுதான் கடினம்.

கோவில் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் முதுகு தெரியும், பேச்சு வராது. பாரிஷ் ஹாலிலோ வெளியே வெயிலிலோ பிளாஸ்டிக் நாற்காலியை வட்டமாகப் போடுங்கள், ஒரு வட்டத்துக்கு எட்டுப் பேர். 24 பேர் வந்தால் மூன்று வட்டம். அப்புறம், "ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். இது ரொம்ப முக்கியம். நம் சபைகளில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களும், வாசிக்கவே தெரியாதவர்களும் இன்னும் இருக்கிறார்கள், முக்கியமாக அறுபதைத் தாண்டிய பெண்கள். வாசிப்பு சுற்றி வருவதைப் பார்த்ததும், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பார்கள். அடுத்த வாரம் ஆளே வரமாட்டார்கள். உங்கள் 32இல் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ. நன்றாக வாசிக்கிற ஒருவர் அந்தப் பகுதியை நிதானமாக இரண்டு முறை வாசிக்கட்டும். மற்றவர்கள் காதால் கேட்கட்டும்.

வாசித்து முடித்ததும் இதன் கருத்து என்ன என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். எந்த வார்த்தை காதில் நின்றது என்று கேளுங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதில் தப்பு வர வழியே இல்லை. இது நான் கண்டுபிடித்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து பரவிய ஏழு படி முறை, தமிழ்நாட்டில் கத்தோலிக்கர்கள் அக்கம்பக்கத்து வீடுகளாகக் கூடும் அன்பியக் கூட்டங்களுக்குப் பழக்கமானது: ஜெபித்து ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதில் பட்ட சொல்லைச் சத்தமாகச் சொல்வது, கொஞ்ச நேரம் அமைதி, பகிர்வு, என்ன செய்யலாம் என்று பேசுவது, ஜெபம். உங்கள் 40 நிமிடத்துக்கு ஏழும் கொள்ளாது என்றால் ஆறாவதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். அமைதியை மட்டும் வெட்டாதீர்கள். முதல் வாரம் எல்லோரும் இருமுவார்கள், மூன்றாவது வாரம் பழகிவிடும்.

முதல் வாரத்துக்கு மத்தேயு 20ஆம் அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறேன், திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமை. எஜமான் ஒரே நாளில் ஐந்து தடவை போய் ஆள் கூப்பிடுகிறான், கடைசித் தடவை பதினோராம் மணிக்கு. முடிவில் எல்லோருக்கும் ஒரே கூலி கொடுக்கிறான். சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுவது அன்றைய வழக்கம், ஆகவே பதினோராம் மணி என்பது நம் சாயங்காலம் 5 மணி, இலை எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். ஒரு தடவை இதை எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் வாசித்தோம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் இலை எடுக்கிறவர்கள். வாசித்து முடிக்கும் முன்பே ஒரு அம்மா ஆரம்பித்துவிட்டார்: "இது அநியாயமுங்க. காலையில வந்தவளுக்கும் சாயங்காலம் வந்தவளுக்கும் ஒரே கூலின்னா, நாளைக்கு யாரு காலையில வருவா?" எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் அவர் பக்கம்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர், "அவங்க சோம்பேறிங்க இல்லையே. யாரும் கூப்பிடலைன்னுதானே சொல்றாங்க. வயசானவங்களா இருக்கும், கை ஓடாதுன்னு விட்டிருப்பான்" என்றார். மூலையில் இருந்த ஒரு பாட்டி அதுவரை வாயே திறக்கவில்லை. "கூப்பிடாத வீட்டுலயும் ராத்திரிக்கு உலை வைக்கணுமில்ல" என்றார். கிருபை என்ற சொல்லை நானோ நடத்தியவரோ சொல்லவில்லை. வேத அகராதி போட்டு அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அந்தப் பாட்டி சொன்ன அளவுக்கு வந்திருக்காது.

பேச்சு எந்த மொழியில் வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள். படுகர் குடும்பங்கள் உங்கள் சபையில் இருந்தால், வாசிப்பு தமிழில் இருந்தாலும் பகிர்வு படுகு மொழியில் வரட்டும், பக்கத்தில் இருப்பவர் இரண்டு வரியில் சொல்லிவிடுவார். பேசல் மிஷன்காரர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே லூக்கா சுவிசேஷத்தைப் படுகு மொழிக்குக் கொண்டுவந்த மலை இது.

கத்தோலிக்கக் குடும்பங்களைத் தாராளமாகச் சேருங்கள். முன்னதாக உங்கள் ஆயரும் அவர்களுடைய பங்குத்தந்தையும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் நல்லது. பின்னால் யாராவது ஆள் பிடிக்கிறார்கள் என்று சொல்ல இடம் இருக்காது. வேதத்தை எல்லா விசுவாசிகளும் எளிதாகப் பெற வேண்டும், மற்ற சபையாரோடு சேர்ந்து மொழிபெயர்க்கவும் செய்யலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லியிருக்கிறது. தமிழில் அப்படிச் சேர்ந்து வந்ததுதான் 1995இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. நீங்கள் பழைய மொழிபெயர்ப்பில் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று வாசித்தால் அவர்கள் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்பார்கள். உங்களுடைய ஆயக்காரன் அவர்களிடம் வரிதண்டுபவர். இரண்டையும் வாசியுங்கள், அந்த வித்தியாசமே பத்து நிமிடப் பேச்சுக்கு ஆகும். அவர்கள் வேதாகமத்தில் 73 புத்தகம், உங்களுடையதில் 66. முதல் ஆறு வாரம் சுவிசேஷங்களை விட்டு நகராதீர்கள், அந்தப் பேச்சே வராது. மாதா பற்றியும் நற்கருணை பற்றியும் முதல் வாரமே விவாதம் வைத்துப் பிரிந்துபோன குழுவை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரையொருவர் தெரிந்த பிறகு அதையும் பேசலாம், அவசரம் இல்லை.

ஞானஸ்நானத்துக்கோ திடப்படுத்தலுக்கோ (கன்ஃபர்மேஷன்) ஆயத்தமாகிற பெரியவர்களை இந்த வட்டத்துக்கு வரச் சொல்லலாம், ஆனால் அவர்களுக்கான ஆயத்த வகுப்பு தனியாக இருக்கட்டும். அது ஆயருடைய பொறுப்பு.

மேலே படிக்க ஆசைப்படுகிறவர்கள் விஷயம். குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுவிட்டு இறையியல் கல்லூரி விடுதிக்குப் போக முடியாதவர்கள் உலகமெங்கும் உண்டு. 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரி இதற்கு வழி கண்டது: மாணவர் வீட்டிலேயே பாடப்புத்தகத்தைப் படிப்பது, வாரம் ஒரு முறை ஆசிரியர் அவர்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சந்திப்பது. இந்த விரிவாக்கக் கல்வியை நம் நாட்டில் நடத்த 1971இல் பெங்களூரில் தொடங்கியதுதான் டாஃப்டீ (TAFTEE) என்ற அமைப்பு. நாலைந்து பேர் சேர்ந்தால் உங்கள் ஊரிலேயே ஒரு குழு வைக்கலாம் என்பதால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பட்டயம், பட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு, இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட் நடத்தும் கிறிஸ்தவக் கல்விப் படிப்புகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். சேரும் முன் பாடப்புத்தகம் தமிழில் உண்டா, பரீட்சை தமிழில் எழுதலாமா என்று கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டும் என்று தெரிந்ததும் பணத்தைக் கட்டிவிட்டு விட்டவர்கள் உண்டு. மதுரை அரசரடியில் 1969 முதல் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலும், கோயம்புத்தூர் திருமண்டல அலுவலகத்திலும் விசாரியுங்கள். கத்தோலிக்க நண்பர்கள் ஊட்டி ஆயர் (அவர்களிடம் ஆயர் என்றால் பிஷப்) இல்லத்தில் மறைக்கல்விப் பணிக்குழுவைக் கேட்கட்டும், திண்டிவனத்தில் தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையமும் இருக்கிறது. ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள், இரண்டு பேராக அனுப்புங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தனியாகப் படிக்கிறவர் மூன்றாவது பாடத்தில் சோர்ந்துவிடுவார். கட்டணத்தில் பாதியைச் சபை நிதியிலிருந்து கொடுக்கக் கமிட்டியில் நீங்களே பேசலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இதையெல்லாம் ஆயர் ஐயாவிடம் எப்படிச் சொல்வது? அவர் வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லோர் கண்ணும் அவர் முகத்தில்தான் இருக்கும், சரியான பதில் அங்கே இருக்கிறது என்று. ஆகவே அவர் நடத்தக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஆனால் யாராவது தப்பான உபதேசத்தைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அவருடைய பயமும் நியாயமானது. எனவே அவரை வெளியே நிறுத்தாதீர்கள், வேறு இடத்தில் வையுங்கள். வட்டத்தை நடத்தப் போகிறவர்களை அவரே தேர்ந்தெடுக்கட்டும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்களோடு அந்தப் பகுதியை அரை மணி நேரம் படிக்கட்டும். வட்டத்தில் பதில் தெரியாத கேள்வியோ இடறலான கருத்தோ வந்தால் நடத்துகிறவர் வாதாடாமல் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறாவது ஞாயிறு மூன்று வட்டமும் ஒன்றாக உட்காரட்டும், அன்றைக்கு முழு நேரமும் ஆயருடையது, அந்த நோட்டில் இருக்கிற கேள்விகளுக்கு. நோட்டைப் புதன்கிழமையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலையில், ஆராதனைக்கு அங்கி போடுகிற வெஸ்ட்ரி அறையில் வைத்துக் கொடுத்தால் அவர் பாவம்.