கைநழுவும் வாள்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடுகிறோம். தாக்கும்போது 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவும் என்று ஒரு வீட்டு விதி (புத்தகத்தில் இல்லாமல் நாங்களே சேர்த்தது) வைத்தோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. இப்போது ஃபைட்டராக, அதாவது வாள்வீரராக ஆடுபவர் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருக்கிறார். ஆட்டத்தைச் சுவாரசியமாக்க வேறு வீட்டு விதிகள் சொல்லுங்களேன்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: வேறு விதி அப்புறம். அந்த ‘எல்லோருக்கும்’ என்பதில் ஃபைட்டர் உண்டா? கையெழுத்துப் போட்டபோது அவர் கணக்குப் பார்த்திருக்க மாட்டார். நாம் பார்ப்போம்.

இருபது முகப் பகடையில் 1 விழ 5 சதவீத வாய்ப்பு. முதல் லெவல் ஃபைட்டருக்கு ஒரு சுற்றில் ஒரு வீச்சு. ஆபத்து அதே 5. ஐந்தாம் லெவலில் இரண்டு வீச்சு. ஒன்றாவது 1 ஆக 9.75 சதவீதம். பதினொன்றில் மூன்று வீச்சு, 14.3. இருபதில் நான்கு, 18.5. அதாவது பயிற்சி ஏற ஏற வாள் அதிகம் நழுவுகிறது! பதினொன்றாம் லெவல்காரர் நான்கு சுற்றுச் சண்டையில் 12 தடவை வீசுகிறார். ஒரு முறையாவது நழுவ 46 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு சண்டைக்கு ஒருமுறை மாவீரர் குனிந்து வாளைத் தேடுகிறார்.

பக்கத்து நாற்காலியில் மந்திரவாதியான விஸார்ட். ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் போடுகிறார். படுமா படாதா என்று அவர் உருட்டவே வேண்டாம். தப்பிக்க உருட்ட வேண்டியது எதிரிகள். அவருடைய ஆபத்து பூஜ்யம். இந்த விதி அவருக்குப் பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. எதிரியாக வரும் குட்டிப் பூதம் கோப்ளினுக்கும் கவலை கிடையாது. ஒரு சண்டைக்கு வந்து மூன்று தடவை ஈட்டி வீசிச் செத்துப்போகிற ஜீவன் அது. ஃபைட்டரோ இரண்டு வருஷக் கதை முழுக்க உருட்ட வேண்டும்.

இன்னொன்று: வெறுங்கை வீரரான மங்க் முஷ்டியால் குத்தும்போது 1 விழுந்தால் எது நழுவும்? உங்கள் விதியில் பதில் இருக்கிறதா?

பாவம், அந்த 1 என்ன செய்தது? நம் ஊரில் 1 விழுந்தால் கொண்டாட்டம். தாயம் போடாமல் காய் இறங்காது. போட்டால் இன்னொரு முறை உருட்டலாம். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் வளர்ந்த உங்கள் ஆட்டத்தில் அதே 1 சனியன். தாயக்கட்டம் ஆடிப் பழகிய பாட்டி ஒருவரை உங்கள் மேசையில் உட்கார வைத்துப் பாருங்கள். 1 விழுந்ததும் “தாயம்!” என்று கத்திவிட்டு மறுபடி உருட்டுவார். “உங்கள் கோடரி கீழே விழுந்துவிட்டது பாட்டி” என்பார் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். “யாரு கோடரி? எதுக்கு விழணும்? தாயம்டா!” என்பார். ஆட்டம் அத்தோடு சரி. ஆனால் பாட்டிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவர் வீட்டில் எதிராளி காயை வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகக் கூடாது, எதிர்வீட்டில் போகலாம். இரு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்தால், கட்டையை உருட்டுவதற்கு முன்னாலேயே “வெட்டாமப் போலாமா?” என்று கேட்டுவிடுவார். உங்கள் மேசையில் அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மோனோபொலியில் அபராதப் பணத்தை ஃப்ரீ பார்க்கிங்கில் குவிக்கும் கட்சியோடு எனக்குள்ள வழக்கு இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். விதிப்படி அந்தக் கட்டத்தில் ஒன்றுமே நடக்காது. வங்கிக்குப் போக வேண்டிய பணத்தை ஆட்டக்காரருக்கே திருப்பிக் கொடுத்தால் எவரும் திவாலாக மாட்டார். ஆட்டம் நள்ளிரவு தாண்டும். வாங்காமல் விட்ட இடத்தை ஏலம் விட வேண்டும் என்பதையும் இவர்கள் செய்வதில்லை. அப்புறம் “மோனோபொலி ரொம்ப நீளம்” என்று எனக்கே கடிதம்!

அதற்காக விதிப் புத்தகத்துக்குக் கற்பூரம் காட்டும் கோஷ்டியிலும் நான் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதல் பதிப்பின் முடிவுரை, மிச்சத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றது. அடுத்த ஆண்டே எம்.ஏ.ஆர். பார்க்கரின் ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற இன்னோர் ஆட்டம் 20 விழுந்தால் இரட்டைச் சேதம் என்றது. அதை அச்சிட்டதும் கைகாக்ஸின் டிஎஸ்ஆர் நிறுவனம்தான். 1979இல் அதே கைகாக்ஸ் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அந்த மாதிரி விதிகளை வறுத்தெடுத்தார். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கூடுதல் சேதம் கிரிட்டிக்கல் ஹிட் என்ற பெயரில் மூல விதியாகவே உட்கார்ந்துவிட்டது.

சரி, ஃபைட்டரைத் திரும்ப அழைக்க வழி. ஒன்று, ஒரு சுற்றின் முதல் வீச்சுக்கு மட்டும் விதி செல்லும். எந்த லெவலிலும் 5 சதவீதம்தான். அல்லது, 1 விழுந்தபின் மறுபடி உருட்டி, அதுவும் தவறினால் மட்டும் நழுவட்டும். 60 சதவீதம் அடிக்கக்கூடிய எதிரியிடம் ஆபத்து 2 சதவீதமாகச் சுருங்கும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: 1 விழுந்தால் நழுவவிடுவதா வேண்டாமா என்று ஆடுபவரே சொல்லட்டும். விட்டால் ஒரு இன்ஸ்பிரேஷன் (பின்னால் ஒரு வீச்சுக்கு உதவும் சலுகை) கொடுங்கள். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இரண்டாவது சேராது. எனவே பேராசைக்கும் இடமில்லை.

வேறு விதி கேட்டீர்கள். மருந்துப் புட்டி குடிப்பதை, ஒருவர் தன் முறையில் செய்யும் முக்கியச் செயலோடு (ஆக்‌ஷன்) கூடச் செய்யக்கூடிய சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் ஆக்குங்கள். ஆக்‌ஷன் முழுவதையும் செலவழித்துக் குடித்தால் உருட்டாமலே முழுப் பலன். சாதாரண ஹீலிங் போஷனுக்கு இரண்டு நான்குமுகப் பகடையும் கூட 2ம், அதாவது உருட்டினால் சராசரி 7, உருட்டாவிட்டால் 10. யார் வயிற்றிலும் அடிக்காத விதி; 2024 பதிப்பு போனஸ் ஆக்‌ஷன் பாதியை எடுத்துக்கொண்டும்விட்டது.

ஃப்ளாங்க்கிங் வேண்டாம். 2014 டிஎம் கைடிலேயே விருப்ப விதியாக இருக்கிறதே என்பீர்கள். எதிரியின் இரு பக்கமும் இருவர் எதிரெதிரே நின்றாலே அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடும். மூர்க்க வீரரான பார்பேரியன் ரெக்லெஸ் அட்டாக்கில் தன் உடம்பைத் திறந்து காட்டி வாங்கும் அதே சலுகை இங்கே இனாம். அவர் எதற்குப் பார்பேரியனாக இருக்க வேண்டும்? ஆசை தீராவிட்டால் +2 கொடுத்து நிறுத்துங்கள்.

எந்த விதியானாலும் ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். மூன்று அமர்வுக்குப் பிறகு தானாகக் காலாவதி. வேண்டுமென்றால் மறுபடி கேட்டுப் புதுப்பியுங்கள். சண்டை நடுவில் திருத்தம் கிடையாது.

பழைய விதியை அப்படியே வைத்துக்கொள்வோம் என்று மேசையில் யாராவது அடம்பிடித்தால் ஒரு சேர்க்கை: மந்திரத்திலிருந்து தப்ப எதிரி உருட்டும்போது 20 விழுந்தால் மந்திரம் போட்டவர் மேலேயே திரும்பும். ஆறு கோப்ளின்கள் மேல் ஃபயர்பால் போட்டால் 26 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வாய்ப்பு. படித்துக் காட்டிவிட்டு, முதல் ஆட்சேபணை எந்த நாற்காலியிலிருந்து வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். அது உங்கள் நாற்காலி என்றால் எழுத வேண்டாம், தெரியும்.